கடைசி எட்டு லட்சம் எதை வாங்குகிறது?

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது வீண் செலவா என்ற விவாதம் ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகிறது. "டிகிரி முடித்தவன் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான், பிளம்பர் அவனைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கிறான்" என்று ஒரு கட்சி. "படிப்புக்குப் போட்ட பணம் எங்கேயும் போகாது" என்று இன்னொரு கட்சி. அடித்துக்கொள்ளும் இந்த இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுதான்: கல்லூரிப் படிப்பை ஒரே விலை போட்ட ஒரே சரக்காக நினைத்துப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் அதே பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தை நான்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு லட்சத்திலும் முடிக்கலாம், இருபது லட்சம் கொடுத்தும் முடிக்கலாம். அப்படியிருக்க, 'படிப்பு தகுமா' என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்த விலைக்குத் தகும், எந்த விலையைத் தாண்டினால் தகாது என்றுதான் கேட்க வேண்டும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டம் தகும். ஆனால் கவுன்சிலிங்கில் கிடைக்கும் சீட்டின் செலவுக்கு மேல், 'நல்ல காலேஜ்' என்ற பெயரில் கூடுதலாகக் கொட்டும் அந்தக் கடைசி எட்டு லட்சம், பத்து லட்சம், நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலோருக்குத் தகாது. பொறியியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் கரைவது அங்கேதான். மருத்துவம் வேறு கணக்கு, அதை இதில் கலக்க வேண்டாம்.

முதலில் பட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு. அவர்கள் கையில் ஒரு கனமான புள்ளிவிவரம் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களில் 29 சதவீதம் பேருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அந்த விகிதம் மூன்றரை சதவீதத்துக்கும் கீழே. இதைப் பார்த்துவிட்டுப் படிக்காதவனுக்குத்தான் வேலை கிடைக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞனின் வீட்டில் அவன் ஒரு வாரம் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது. அதனால் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான், கணக்கெடுப்பில் 'வேலை உள்ளவன்' ஆகிவிடுகிறான். பட்டதாரியோ வீட்டுச் சோற்றில் இருந்துகொண்டு டி.என்.பி.எஸ்.சி.க்கோ வங்கித் தேர்வுக்கோ தயாராகிறான், நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறான், வேலையில்லாதவன் என்று பதிவாகிறான். காத்திருக்க முடிவதும் ஒரு வசதிதான். சம்பளத்தை எடுத்துக்கொண்டால் படம் தலைகீழாக மாறும். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வருமானத்தைச் சராசரியாக ஒன்பது சதவீதம் உயர்த்துவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த உலக வங்கிப் பொருளாதார அறிஞர்கள் 2018இல் கணக்குச் சொன்னார்கள். பிளம்பர் கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. நாம் சுட்டிக்காட்டுவது எப்போதும் ஊரில் பேர் வாங்கிய பிளம்பரை. ஒப்பிடுவதோ வேலை கிடைக்காத பட்டதாரியோடு. சுமாரான பிளம்பரையும் சுமாரான பட்டதாரியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆகவே பட்டம் என்ற பொருளோடு எனக்குத் தகராறு இல்லை, விலையோடுதான். இந்த விலை எப்படி இவ்வளவு தூரம் பிரிந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்துவிட்டது. அதுவரை கிண்டி, அரசுக் கல்லூரிகள், கோவை பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராஜர் போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகள் என்று விரல்விட்டு எண்ணும்படி இருந்தது, பிறகு ஐந்நூறைத் தாண்டியது. நன்கொடை வசூல் எல்லை மீறியதால் 1992இல் கட்டாய நன்கொடைத் தடைச் சட்டம் வந்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் நன்கொடை கூடாது, ஆனால் நியாயமான உபரி எடுத்துக்கொள்ளலாம் என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு தீர்ப்பின் வழியாக மாநிலந்தோறும் கட்டண நிர்ணயக் குழுக்கள் வந்தன. இங்கே சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரி தன் இடங்களில் 65 சதவீதத்தை அரசுக் கவுன்சிலிங்குக்குக் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீதம். 2017இல் குழு நிர்ணயித்த கட்டணம், கவுன்சிலிங் சீட்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, 87,000. இது காகிதத்தில். பஸ், மெஸ், யூனிஃபார்ம், 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்', லேப் என்று கிளை விடும் செலவுகள் தனி. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ இந்தக் குழுவின் பிடிக்குள்ளேயே வராது. அங்கே ஆண்டுக்கு இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்து லட்சம் வரை போகிறது.

இப்போது ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சொந்தமாக நுழைவுத் தேர்வு நடத்தும் சில பல்கலைக்கழகங்களில் ஒரே படிப்புக்கு நான்கைந்து கட்டண வகைகள் உண்டு. நல்ல ரேங்க் வாங்கியவர் முதல் வகை, குறைந்த கட்டணம். ரேங்க் இறங்க இறங்கக் கட்டணம் ஏறும். கடைசி வகையில் சேருபவர் முதல் வகையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார். இருவரும் உட்காருவது ஒரே வகுப்பு. அதே பேராசிரியர், அதே லேப், அதே வினாத்தாள், கடைசியில் அதே சான்றிதழ். கேம்பஸுக்கு வரும் நிறுவனம் நீ எந்த வகைக் கட்டணத்தில் சேர்ந்தாய் என்று கேட்பதில்லை. அப்படியானால் கடைசி வகைக்காரர் கூடுதலாகக் கட்டும் லட்சங்களுக்குக் கூடுதல் கல்வி எதுவும் கிடைக்கவில்லை. வரிசையில் முன்னே நிற்காத குறைக்கு அவர் கொடுக்கும் அபராதம் அது. பி.எஸ்.ஜி. டெக், கோவை சி.ஐ.டி., தியாகராஜர் போன்ற கல்லூரிகளிலும் இதையே வேறு வடிவில் பார்க்கலாம். ஒரே வளாகத்துக்குள் அரசு உதவிபெறும் சீட்டும் இருக்கிறது, சுயநிதி சீட்டும் இருக்கிறது. மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு எடுப்பதும் உயர்ந்த கட்-ஆஃப் போவதும் மலிவான கவுன்சிலிங் சீட்டுகள்தான். கடைத்தெருவில் விலை ஏறினால் தரம் ஏறியிருக்கும் என்று ஊகிக்கலாம். இங்கே அந்த ஊகம் செல்லாது. இங்கே விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மாணவனின் மதிப்பெண், அதுவும் எதிர்த் திசையில்.

சரி, கணக்குக்கு வருவோம். ஹாஸ்டல் செலவு இரண்டு பக்கமும் வரும் என்பதால் அதை ஒதுக்கிவிடுவோம். கவுன்சிலிங் சீட்டில், உதிரிச் செலவுகளையும் சேர்த்து, நான்கு ஆண்டுக்கு நாலு லட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று லட்சம் வாங்கும் இடத்தில் பன்னிரண்டு லட்சம். வித்தியாசம் எட்டு லட்சம். இந்த எட்டு லட்சத்தை ஆண்டுக்கு இரண்டு லட்சமாகக் கல்விக் கடனில் எடுத்தால், 10 சதவீத வட்டி என்று கொண்டால், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டு சலுகைக் காலமும் முடிந்து தவணை தொடங்கும் நாளில் கடன் பத்து லட்சத்து எண்பதாயிரமாகியிருக்கும் (தனிவட்டிக் கணக்கு). அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 14,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் பதினேழு லட்சத்துக்கு மேல் போயிருக்கும். படிப்புக் கால வட்டிக்கு மானியம் கிடைக்கும் குடும்பமென்றால் தொகை குறையும், ஆனால் அசல் அசல்தான். ஆக, விலை கூடிய கல்லூரி தனக்கான விலையை நியாயப்படுத்த வேண்டுமானால், அதில் படித்தவன் மலிவான கல்லூரியில் படித்திருந்தால் வாங்கியிருக்கும் சம்பளத்தைவிட மாதம் 14,300 ரூபாய் அதிகமாகக் கையில் வாங்க வேண்டும். முதல் மாதத்திலிருந்து, பத்தாண்டு தொடர்ந்து. அப்போதுதான் கொடுத்ததற்கும் வந்ததற்கும் சரியாகிறது. லாபம் அதற்குப் பிறகு.

இதைச் சம்பளச் சந்தையோடு பொருத்திப் பாருங்கள். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றிலிருந்து நான்கு லட்சம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பும் கிட்டத்தட்ட இதேதான். அந்தப் பதினைந்து ஆண்டில் வாடகை ஏறியது, பெட்ரோல் ஏறியது, கல்லூரிக் கட்டணம் எங்கோ போனது; இது மட்டும் நகரவில்லை. மூன்றரை லட்சம் பேக்கேஜ் என்றால், பி.எஃப். உள்ளிட்ட பிடித்தம் போக மாதம் கைக்கு இருபத்தைந்தாயிரம் வந்தால் அதிகம். சென்னையில் ஒரு பகிர்வு அறை, சாப்பாடு, போக்குவரத்து போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். அதில் பதினான்காயிரம் தவணை என்பது எங்கே பொருந்தும்? எங்கும் பொருந்தாது. அதனால்தான் பல வீடுகளில் கல்விக் கடன் தவணையை ஓய்வுபெறும் வயதில் உள்ள அப்பா கட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டுக் கடனாளி என்று அவர் போட்ட கையெழுத்துக்கு அதுதான் பொருள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "அங்கே பிளேஸ்மென்ட் நல்லா இருக்கு சார்." ஃப்ளெக்ஸ் பேனரில் நாற்பது லட்சம் பேக்கேஜ் வாங்கிய மாணவியின் படம், பக்கத்தில் '98 சதவீதம் பிளேஸ்மென்ட்'. இந்த 98க்குப் பகுதி எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது 'தகுதியுள்ள, விண்ணப்பித்த' மாணவர்களில் 98. அரியர் வைத்தவர்கள், மேற்படிப்பு என்று எழுதிக் கொடுத்தவர்கள் கணக்கிலேயே இல்லை. ஒரே மாணவனுக்கு மூன்று நிறுவனங்கள் வேலை கொடுத்தால் அதை மூன்று ஆஃபர் என்று எண்ணும் வழக்கமும் உண்டு. நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். கல்லூரிக்கும் அப்படியொரு காகிதம் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் ஓர் அட்டவணை இருக்கும். முதலாண்டில் அனுமதிக்கப்பட்ட இடம், சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் தேறியவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள். இடைநிலை என்றால், எல்லாச் சம்பளத்தையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பது. நாற்பது லட்சக்காரி ஒருத்தி இருந்தால் சராசரி எகிறும், இடைநிலை அசையாது. இதுவும் கல்லூரியே கொடுக்கும் கணக்குதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஃப்ளெக்ஸைவிட எவ்வளவோ மேல். உதாரணத்துக்கு, சேர்ந்தவர்கள் 600, தேறியவர்கள் 450, வேலை கிடைத்தவர்கள் 270, இடைநிலைச் சம்பளம் நாலு லட்சம் என்று ஓர் அட்டவணை இருந்தால், அதன் பொருள் என்ன? உள்ளே போன 600 பேரில் நாலு லட்சமோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் 135 பேர். நூற்றுக்கு 23கூட இல்லை. உங்கள் பிள்ளை அந்த 23க்குள் வருமா என்பதுதான் எட்டு லட்ச ரூபாய்க் கேள்வி.

கொஞ்சம் நியாயமாகவும் பேச வேண்டும். சில விலை கூடிய வளாகங்களுக்கு நிஜமாகவே நல்ல நிறுவனங்கள் வருகின்றன. அங்கே இருந்தால் அந்த வாய்ப்பு வாசல் தேடி வருகிறது, ஊர்க்கோடிக் கல்லூரிக்கு வருவதில்லை. இது உண்மை. ஆனால் நிறுவனங்கள் அந்த வளாகத்துக்கு வருவது அதன் கட்டடத்துக்காக அல்ல, நுழைவுத் தேர்வில் முன்னே வந்த பிள்ளைகள் அங்கே குவிந்திருப்பதால். அந்த முன்வரிசைப் பிள்ளைகள் பெரும்பாலும் குறைந்த கட்டண வகையில், சிலர் முழு உதவித்தொகையில் சேர்ந்தவர்கள். கடைசி வகையில் பணம் கட்டிச் சேருபவன் அந்தப் பிள்ளைகளோடுதான் அதே இன்டர்வியூவில் மோத வேண்டும். அவன் ஜெயிக்க முடியாது என்று சொல்லவில்லை. நான்கு ஆண்டு என்பது ஒருவன் மாறுவதற்குப் போதுமான காலம், பதினேழு வயதில் வாங்கிய ரேங்க் யாருடைய தலையெழுத்தும் இல்லை. ஆனால் மாறக்கூடிய பிள்ளை எங்கே இருந்தாலும் மாறும். மொத்தமாக ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கு இப்போது கல்லூரிப் பெயர் முன்பளவு முக்கியமும் இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் அறுபது சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை என்றால் டி.சி.எஸ். நடத்துவது போன்ற பொதுத் தேர்வை எந்தக் கல்லூரிக்காரனும் எழுதலாம். அந்தத் தேர்வின் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் எட்டு லட்சத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்த மறுப்பு பாடப்பிரிவைப் பற்றியது. கவுன்சிலிங்கில் போனால் சிவில்தான் கிடைக்கும், மெக்கானிக்கல்தான் கிடைக்கும், சி.எஸ். வேண்டுமானால் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பார்கள். இந்த வாதத்தில் ஒரு காலத்தில் வலு இருந்தது. இப்போது அதன் கால்களே ஆடுகின்றன. 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை பேர்தான் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) எடுத்துவிட்டது. கேட்க வேண்டுமா? ஆளில்லாத பிரிவுகளை மூடிவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ், அதோடு செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று வால் ஒட்டிய பிரிவுகளில் கல்லூரிகள் இடங்களைப் பெருக்கின. சீட் பெருகுகிறது என்றால் அது அரிதான பொருள் இல்லை. மறுபக்கம் வாங்கும் ஆட்களைப் பாருங்கள். 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை அறுபதாயிரத்துக்கு மேல் குறைந்தது. 2025இல் டி.சி.எஸ். சுமார் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஐ.டி. துறை மூழ்கிவிடும் என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாலாண்டு கழித்து வேலைக்கு வரப்போகும் பிள்ளைக்காக, இன்றைக்குச் சூடாக இருக்கும் பிரிவின் மேல் கடன் வாங்கிப் பந்தயம் கட்டுவது எவ்வளவு தூரம் சரி? 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு ஒரு தலைமுறை மெக்கானிக்கலையும் சிவிலையும் இப்படித்தான் துரத்தியது. தவிர, கவுன்சிலிங்கில் கிடைத்த ஈ.சி.ஈ.க்காரனும் ட்ரிபிள் ஈக்காரனும் அதே பொதுத் தேர்வு எழுதி அதே சாஃப்ட்வேர் வேலைக்குத்தான் போகிறார்கள்.

நான் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. கவுன்சிலிங் பட்டியலில் இருப்பதெல்லாம் தங்கம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அந்தப் பட்டியலின் வால் பகுதிக்குப் போனால் பத்து சதவீதம்கூடத் தேறாத கல்லூரிகள் இருக்கும். அங்கே ஐம்பதாயிரம் கட்டுவதும் நஷ்டம்தான், இருபது அரியரோடு வெளியே வரும் பிள்ளைக்குப் பணத்தோடு நாலு வருஷமும் போய்விடும். (தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் இந்தப் பட்டியலில் வராது. அவற்றின் தேர்ச்சியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.) அதேபோல, விலை கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கவும் வேண்டாம். ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சம், என்.ஐ.டி.யில் ஒன்றேகால். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கும் முழு விலக்கு, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போகலாம், கணக்கு தாங்கும். வங்கிகள் அங்கே பிணை கேட்காமல் கடன் கொடுக்கத் தயாராக இருப்பதே ஒரு செய்தி. திருப்பி வரும் என்று தெரிந்த இடத்துக்கு வங்கி தானாக வருகிறது. வீட்டுப் பத்திரம் கொண்டு வா என்று வங்கி சொன்னால் அதிலும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. நம்மைவிட அவர்கள் கறாராகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனிமேல்தான். "கல்வியை லாப நஷ்டக் கணக்கில் அளப்பதே தப்பு. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடப் படி ஏற விடாமல் வைத்திருந்தார்கள். இப்போது முதல் பட்டதாரி வரும்போது மட்டும் ஆர்.ஓ.ஐ. பார்க்கச் சொல்கிறீர்களா?" இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பட்டம் சம்பளத்தை மட்டும் தருவதில்லை. தாலுகா ஆபீஸில் நின்று பேசும் தைரியம், பெண்பிள்ளைக்கு இருபது வயதில் கல்யாணம் என்பதைத் தள்ளிப்போடும் பலம், சாதி சொல்லிக் கூப்பிட்டவனை நிமிர்ந்து பார்க்கும் தெம்பு, இதெல்லாம் எந்த அட்டவணையிலும் வராது. உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22இல் நாடு 28 சதவீதத்தில் நின்றபோது தமிழ்நாடு 47 சதவீதத்தில் நின்றது தானாக நடந்ததல்ல. ஆனால் கவனியுங்கள், அந்த 47ஐக் கட்டியது எது? அரசுக் கலைக் கல்லூரிகள், 2007இல் நுழைவுத் தேர்வை ஒழித்தது, கவுன்சிலிங், முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. பின்னால் சேர்ந்தவை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் அவர்கள் கட்டணத்தை அரசே கட்டுவதும், மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும். அனைத்தும் விலையைக் கீழே இறக்கிய ஏற்பாடுகள். இதில் இன்னொன்று: முதல் பட்டதாரி சலுகையும் 7.5 ஒதுக்கீடும் கவுன்சிலிங் வழியாகச் சேருபவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் அந்த உரிமையும் கைவிட்டுப் போகிறது. தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட குடும்பங்கள் போராடிப் பெற்ற ஏணி பக்கத்திலேயே இருக்கும்போது, அதே குடும்பத்தைக் கடன் வாங்கி லிஃப்ட்டில் ஏறச் சொல்வதைச் சமூக நீதி என்ற பெயரில் விற்பது எனக்கு ஒப்பவில்லை. கண்ணியமும் தைரியமும் பட்டத்திலிருந்து வருகிறதென்றால், ஐம்பதாயிரம் கட்டிய பட்டத்திலிருந்தும் அது வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசாமல் இருக்க முடியாது. மாதம் நாற்பதாயிரம் வருமானம் உள்ள வீட்டில் இந்த எட்டு லட்சம் சும்மா வங்கியில் தூங்கவில்லை. அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, ஆண்டுக்கொரு முறை வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைக்கப்படுகிறது. அப்பாவின் பி.எஃப். பாதியில் உடைகிறது. பல வீடுகளில் அடுத்து நிற்கும் தங்கைக்கு "நீ பக்கத்து காலேஜ்ல பி.எஸ்சி. படி, போதும்" என்று முடிவாகிறது. அண்ணனின் எட்டு லட்சத்தில் அவள் பங்கும் இருக்கிறது, அவளைக் கேட்காமலேயே. இதை எந்தப் பொருளாதார ஆய்வும் கட்டணப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் என்ற அந்தப் பெரிய சராசரி, லட்சக்கணக்கானவர்களின் ஏற்ற இறக்கத்தைக் கலந்து கிடைப்பது. குடும்பத்துக்கு லட்சம் பிள்ளைகள் இல்லை. ஒன்றோ இரண்டோதான், ஒரு தடவை தவறினால் ஈடுகட்ட இன்னொரு தடவை கிடையாது. பணக்கார வீட்டுக்கு எட்டு லட்சம் போனால் ஒரு கார் தள்ளிப்போகும், இங்கே இரண்டு பேரின் முதுமை தள்ளாடும். ஆகவே பணம் இருப்பவர்கள் பணம் கட்டுவதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை, தாராளமாகக் கட்டட்டும். மற்றவர்கள் அந்த ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் திரட்ட முடியுமானால், அதை ஏழு சதவீத வைப்பில் போட்டு வந்தாலே நாலாம் ஆண்டு முடிவில் ஒன்பதரை லட்சம் இருக்கும். படித்து முடித்த பிள்ளை ஓராண்டு நிதானமாக நல்ல வேலை தேடலாம், கேட் எழுதி எம்.டெக். போகலாம், தங்கையைப் படிக்க வைக்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கட்டுகிறார்கள் என்றால், கணக்குத் தெரியாமல் இல்லை, கணக்குப் போட நேரம் கொடுக்கப்படுவதில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்களின் தேர்வு ஏப்ரலிலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே "இன்னும் நாலு நாளில் அட்வான்ஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்று போன் வரும். கவுன்சிலிங்கோ ஜூலைக்குப் போகும். நடுவில் இருக்கும் இரண்டு மாதப் பயத்துக்குத்தான் விலை வைக்கப்படுகிறது. கட்டிவிட்டால் திரும்பி வராது என்று பெற்றோர் நினைக்கிறார்கள், பின்பு நல்ல கவுன்சிலிங் சீட் கிடைத்தாலும் விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் பணம் திரும்பப் பெறுவதற்குத் தேதி உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகையையும், அதன்பின் அக்டோபர் 31 வரை விலகினால் ஆயிரம் ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தேதி மாறும், அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பயத்தில் ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்கள்கூட, கவுன்சிலிங்கில் வந்ததைப் பார்த்துவிட்டு அந்தத் தேதிக்குள் எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இழுத்தடித்தால் மானியக் குழுவின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை.